கழற்றிப் பூட்டும் பாவைகள்



ஈழத்துத் தமிழரின் அரங்கக் கலைகளைப் பற்றி எழுதுவோர் வடமோடி, தென்மோடி, சிந்துநடைக்கூத்து, இசை நாடகம் என்று வரிசையாகப் பேசிச் செல்வர். பாவைக்கூத்து என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு சுருங்கிவிடும். அது தமிழ்நாட்டுக்குரியது, இலங்கையிலே அம்பலாங்கொடைக்குரியது, யாழ்ப்பாணத்துக்கு உரியதன்று என ஓரிரு வரிகளில் முடித்துவிடுவர். இந்த முடிவு சரிதானா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நெல்லியடியை எடுத்துக்கொள்வோம். ஈழத்து நாடக வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடப்பட்ட வடமராட்சியின் நடுவே இருப்பது இந்த ஊர். 1970ஐ அண்டிய காலத்தில், ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் சூட்டோடு, என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தைக் காத்தவராயன் கூத்துப் பாங்கிலே மேடையேற்றிய 'அம்பலத்தாடிகள்' இவ்வூரைச் சேர்ந்தவர்களே. அந்த நாடகம் நூல்களில் ஏறிவிட்டது. ஆனால் அதே வட்டாரத்து முருகன் கோயில்களில் ஐப்பசி மாதத்துக் கந்தசட்டியின் ஆறாம் நாள் மாலையிலே ஆடப்படும் ஒன்றை நாடக நூல்கள் எதுவும் நாடகமாகக் கொண்டதாகத் தெரியவில்லை. மரத்தாற் செய்த ஆளுயரச் சூரன் ஒருவன் வீதிக்கு வருகிறான். அவனது யானைத்தலை கழற்றப்பட்டுச் சிங்கத்தலை பூட்டப்படுகிறது. பின்னர் அதுவும் கழற்றப்பட்டு வேறொரு தலை ஏறுகிறது. ஓடுகிறான், திரும்புகிறான், எதிர்த்து வருகிறான், விழுகிறான். இதனைச் சூரன் போர் என்கிறோம், திருவிழா என்கிறோம். பாவைக்கூத்து என்று மட்டும் சொல்வதில்லை.

சொல்லலாமா என்று தீர்மானிப்பதற்கு முன்னர், பாவை என்பது எது என்று பார்த்துவிடுதல் நல்லது.

தமிழில் பாவை என்ற சொல் பல பொருள்களைச் சுமப்பது. கண்ணின் மணி பாவை. பெண் பாவை. மார்கழி நோன்பு பாவை. குழந்தையின் கையிலிருக்கும் மரப்பாச்சியும் பாவைதான். இவற்றிடையே, ஆட்டுவித்தால் ஆடும் பாவையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். நற்றிணையின் 362ஆம் பாட்டில், தந்தையின் மனையெல்லையைக் கடந்து தலைவனுடன் நடந்து வருகிற பெண்ணின் நடைக்குத் திறமையாகச் செய்யப்பட்ட பாவையின் இயக்கம் உவமையாகிறது. திருவள்ளுவர் இரண்டு இடங்களிலே மரப்பாவையைக் கூப்பிடுகிறார். நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், உள்ளத்தில் நாணமில்லாதவரின் நடமாட்டம் கயிற்றினால் உயிருள்ளதுபோல் மருட்டும் மரப்பாவையின் நடமாட்டத்துக்கு ஒப்பாகிறது. இரவு என்ற அதிகாரத்திலோ, இரப்பவர் இல்லாத உலகம் மரப்பாவை போய்வருவது போன்றது என்கிறார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் திருமகள் ஆடியதாகச் சொல்லப்படும் பாவையும் ஒன்று. மார்கழியிலே நாம் திருவெம்பாவை பாடுகிறோமே, அதே மணிவாசகர் திருவாசகத்தின் ஆனந்தமாலையில், சீலமும் நோன்பும் அறிவுமின்றிச் சுழன்று விழுந்து கிடக்கும் தம்மைத் தோற்பாவைக் கூத்துக்கு ஒப்பிட்டுக் கொள்கிறார். மரப்பாவையும் தோற்பாவையும் ஆகிய இரு வகைகளுமே நமது இலக்கியத்தில் அன்றே வந்துவிட்டன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலவர்கள் பாவையைக் கண்டார்கள், அதன் கயிற்றைக் கண்டார்கள், கயிற்றுக்குப் பின்னால் ஆட்டுவிப்பவனையும் கண்டார்கள். பாவையைச் செய்தவனை அவர்கள் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பாவையின் கையறு நிலை. அதற்கு உயிர்போன்ற ஒன்றைத் தருவது கயிறு மாத்திரமன்று என்பது தச்சனுக்கும் தோல் வெட்டுபவனுக்கும் தெரியும். ஒரே மரக்கட்டையிற் செதுக்கிய சிலைக்கு எத்தனை கயிறு கட்டி இழுத்தாலும் அது சாயும், விழும், அவ்வளவுதான். கையைத் தோளிலிருந்தும், முன்கையை முழங்கையிலிருந்தும், தலையைக் கழுத்திலிருந்தும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்ததை மீண்டும் தளர்வாகப் பூட்ட வேண்டும். சிலை பாவையாவது அந்த மூட்டிலேதான்.

தோற்பாவையிலே இது மிகத் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரி, திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலே இக்கலையைப் பேணி வந்தவர்கள் மண்டிகர் என்ற சமூகத்தார். தஞ்சை மராட்டியர் காலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுபவர்கள். வீட்டிலே பேசுவது மராத்தி, திரைக்குப் பின்னால் பேசுவது தமிழ். ஆட்டுத் தோலை நீரில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீங்கச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்தினால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அது மெலியும். அதிலே உருவத்தை வரைந்து, உளியால் வெட்டி, நகையும் உடையும் வரவேண்டிய இடமெல்லாம் துளையிட்டுச் சாயம் தீட்டுவர். விளக்கின் முன் பிடிக்கும்போது அந்தத் துளைகளே முத்தாகவும் மணியாகவும் ஒளிரும். உடலை நிமிர்த்தி வைப்பதற்கு நடுவே பிளந்த ஒரு மூங்கிற் குச்சி. கை தனியாக வெட்டப்பட்டுத் தோளிலே ஒரு நூலால் பூட்டப்படும். நூலின் இரு முனையிலும் முடிச்சு. முடிச்சு இறுகினால் கை விறைத்து நிற்கும். நெகிழ்ந்தால் செத்த கைபோலத் தொங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அளவு எந்த நூலிலும் எழுதப்பட்டதன்று. தகப்பனின் விரலிலிருந்து மகனின் விரலுக்குப் போனது.

எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரேயளவு மூட்டுக்கள் வைப்பதுமில்லை. இராமனும் சீதையும் பெரும்பாலும் நின்ற நிலையில் பேசிவிட்டுப் போவார்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் திரை கலகலக்கும். இவர்கள் இராமாயணத்தில் இல்லாத கோமாளிகள். கதை எதுவாயினும் இடையே புகுந்து ஊர் வம்பு பேசுவதே இவர்கள் வேலை. கைகால் அதிகம் ஆடுவது இவர்களுக்குத்தான். தெய்வத்துக்குக் குறைவான அசைவும் கோமாளிக்குக் கூடுதலான அசைவும் என்ற இந்தக் கணக்கு நமது கூத்துக்கும் அந்நியமானதல்ல. அரசனின் வரவையும் பபூனின் வரவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும்.

கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியிலே தோற்பாவைக்கூத்து இன்னொரு வடிவம் கொண்டது. பகவதி கோயில்களில் இதற்கென்றே கட்டப்பட்ட கூத்துமாடங்கள் உள்ளன. திரைக்குப் பின்னே 21 விளக்குகள் வரிசையாக எரியும். அங்கே பாடப்படுவது கம்பனின் விருத்தங்கள். மலையாள நாட்டிலே, மலையாளம் பேசுவோர், தேவியின் முன்னிலையில் இரவிரவாகக் கம்பனைப் பாடிப் பொருள் சொல்கிறார்கள். அதனால் பாவையாட்டுபவருக்கு அங்கே புலவர் என்று பெயர். பார்வையாளர் ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நடைபெறும். அம்மன் பார்க்கிறாள் என்பது போதும். இம்மரபில் வந்த இராமச்சந்திர புலவருக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. கம்பனுக்கு விழா எடுக்கும் நாம் இந்த மாடங்களை எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

இனி மரப்பாவை. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டம் இந்திய மரப்பாவைகளிலேயே பெரியதும் பாரமானதும் எனப் பெயர் பெற்றது. ஒரு பாவை நாலரை அடி உயரமும் ஏறத்தாழ 10 கிலோ எடையும் கொண்டதாக இருக்கக்கூடும். இவ்வளவு பாரத்தைக் கைவிரல்களால் மட்டும் தாங்கி ஆட்ட இயலாது. ஆகவே ஆட்டுபவர் ஓர் இரும்பு வளையத்தைத் தலையிலே முடிபோலச் சூடிக்கொள்வார். பாவையின் கயிறுகள் அந்த வளையத்திலே கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளை மேலிருந்து கம்பிகளால் இயக்குவார். தலை அசைய வேண்டுமானால் தாமே அசைய வேண்டும், நடை வேண்டுமானால் தாமே நடக்க வேண்டும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் யார் யாரை ஆட்டுகிறார்கள் என்ற ஐயமே வந்துவிடும்.

இந்தப் பாவைகளைச் செய்ய விரும்பிக் கொள்ளும் மரம் கல்யாண முருங்கை. நம் ஊரிலே முள்முருக்கு என்போம். கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுகிறோமே, அதே மரம். காய்ந்தால் எடை மிகக் குறைந்துவிடும், உளிக்கு எளிதாக இளகிக்கொடுக்கும். தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, கால் எனத் தனித்தனியே செதுக்கி, துணியாலோ தோற்பட்டையாலோ கம்பி வளையத்தாலும் கொளுக்கியாலுமோ பூட்டுவர். கழற்றக்கூடிய பூட்டு என்றால் அதற்கு வேறு பயன்களும் உண்டு. கூத்து முடிந்ததும் முழுக் குழுவையும் ஒரு பெட்டிக்குள் அடுக்கி அடுத்த ஊருக்குக் கொண்டு போகலாம். ஒரு கை உடைந்தால் அந்தக் கையை மட்டும் புதிதாகச் செய்யலாம். நேற்று அரிச்சந்திரனாக நின்ற உடல் இன்று வேறொரு தலையுடன் வேறொரு அரசனாகலாம். வறிய கலைஞர்களின் கலை இது. ஓர் உடலை ஒரே பாத்திரத்துக்கென ஒதுக்கி வைக்கும் வசதி அவர்களுக்கு எப்போதும் இருந்ததில்லை.

நமது தீவின் தென்கரைக்கு வந்தால் அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ ஆகிய ஊர்களிலே கம்வாரி என்ற பரம்பரையினர் நூற்பாவைக் கூத்தைப் பேணி வருகின்றனர். சிங்களத்திலே இதனை ரூகட என்பர். 2018இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. கதுரு போன்ற இலேசான மரத்திற் செதுக்கிய பாவைகள் பின்மேடையில் நிற்போரின் கையிலுள்ள கட்டைகளிலிருந்து நூல்களால் தொங்கும். புத்த சாதகக் கதைகளோடு எகலப்பொலையின் கதையும் அவர்களின் புகழ்பெற்ற ஆட்டம். 1814இல் கண்டியிலே எகலப்பொலையின் பிள்ளைகள் சிரச்சேதம் செய்யப்பட்ட கதை அது. இத்தகைய காட்சியை மனித நடிகரைக் கொண்டு காட்ட முனைந்தால் மறைப்புகளும் தந்திரங்களும் வேண்டும். தலை கழலக்கூடிய பாவைக்கு அந்தச் சிரமம் இல்லை. இத்தாலியின் சிசிலித் தீவிலே வீரர் கதைகளை ஆடும் பாவைக்கூத்திலும் இவ்வாறே, போரில் வெட்டுண்டு தலை உருளவும் உடல் இரண்டாகப் பிளக்கவும் தக்கதாகச் சில பாவைகளைத் தனியே செய்து வைத்திருப்பார்கள்.

அம்பலாங்கொடைப் பாவைகளை நாம் வேறொரு காரணத்துக்காகவும் உற்றுப் பார்க்க வேண்டும். அவை ஆடுவது நாடகம என்ற சிங்களக் கூத்தின் பாங்கிலே. அந்த நாடகம எங்கிருந்து வந்தது? தமிழ்க் கூத்திலிருந்து, குறிப்பாகக் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய நாட்டுக்கூத்திலிருந்து என்பது பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர உள்ளிட்ட அறிஞர் பலரின் முடிவு. அவர் 1956இல் 'மனமே'யை அந்த வடிவத்தை அடியொற்றி மேடையேற்றியபோது சிங்கள நாடக உலகம் வியந்து பார்த்தது. அதனை அடுத்த ஆண்டுகளிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். இந்த வரலாறு நமக்கு நன்கு தெரியும். தெரியாமற் போனது, அல்லது நாம் பொருட்படுத்தாமல் விட்டது, இடையிலே உள்ள பாவைகளின் பங்கு. மனிதர்கள் நாடகமவை ஆடுவதைக் கைவிட்ட பின்பும் மரப்பாவைகள் அதை ஆடிக்கொண்டிருந்தன. தமிழ்க் கூத்தின் ஏதோவொரு மெட்டும் நடையும் தென்னிலங்கைக் கரையிலே ஒரு பெட்டிக்குள் கைவேறு கால்வேறாக மடிந்து கிடந்து, விழாதோறும் எழுந்து நின்றிருக்கின்றன.

உலகின் வேறு பாகங்களிலும் இந்தக் கழற்றல் பூட்டலைச் சுற்றிச் சுவையான வழக்கங்கள் உண்டு. சீனத்துத் தோற்பாவைகளில் தலை தனியே இருக்கும், கழுத்துப்பட்டியிலே செருகப்படும். ஆட்டம் முடிந்த இரவில் தலைகளை உடல்களிலிருந்து கழற்றி வேறாக வைத்துவிடுவார்கள். பூட்டியபடியே விட்டால் பாவைகள் உயிர்பெற்று எழுந்துவிடும் என்ற அச்சம்! யப்பானின் புன்றாக்கு அரங்கிலே ஒரு பாவையை மூவர் இயக்குவர். தலைமைக் கலைஞர் தலையையும் வலக்கையையும், இரண்டாமவர் இடக்கையையும், மூன்றாமவர் கால்களையும் பார்த்துக்கொள்வர். பெண் பாவைகளுக்குப் பெரும்பாலும் கால்களே செய்வதில்லை. உடையின் விளிம்பை அசைத்தே நடை காட்டுவர். இல்லாத காலைப் பார்வையாளர் காண்கிறார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் தமது பாவையைக் கோத்து உடுத்தி எடுப்பவரும் அதை ஆட்டும் கலைஞரேதான். செய்வதும் ஆட்டுவதும் அங்கே முற்றாகப் பிரிந்துவிடவில்லை.

செருமானிய அறிஞர் ரிச்சார்ட் பிஷெல் 1900ஆம் ஆண்டளவில், பாவைக்கூத்தின் தாயகம் இந்தியாவே என்றும், வடமொழி நாடகத்தின் சூத்திரதாரன் முதலில் பாவையின் நூலைப் பிடித்தவனே என்றும் வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆயினும் நமது நாட்டுக்கூத்து உடுப்பைப் பார்க்கும்போது அந்த வாதம் நினைவுக்கு வராமற் போவதில்லை. இலேசான மரத்திற் செய்து கண்ணாடி பதித்த முடியும் புயவணியும் பூட்டப்பட்டு, கழுத்தைத் திருப்புவதற்கே முழு உடலையும் திருப்ப வேண்டிய நிலையில் கூத்தன் களரியிலே நிற்கும்போது, அவனே ஒரு பெரிய பாவையாகத்தான் தோன்றுகிறான்.

இப்போது சூரனிடம் திரும்புவோம்.

யாழ்ப்பாணத்தின் சமய வாழ்வைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்றார். கோயில்களிலே கச்சியப்பரின் கந்தபுராணத்தைப் படித்துப் பயன் சொல்வது தலைமுறை தலைமுறையாக வந்தது. எழுத்தறியாதவருக்கும் தாரகன் யார், சிங்கமுகன் யார், பானுகோபன் யார் என்று தெரியும். இதனால்தான் சூரன் போருக்குக் கதைசொல்லி தேவையில்லை. தோற்பாவைக்கூத்திலே ஆட்டுபவர் எல்லாப் பாத்திரங்களுக்கும் தாமே குரல் கொடுக்க வேண்டும். இங்கே பாவை வாய் திறப்பதில்லை. தவிலும் சங்கும் சேமக்கலமும் அரோகராக் குரலும் போதும். கதை முன்பே கூட்டத்தின் மனத்தில் நிறைந்திருக்கிறது.

ஒரு பக்கம் வேலேந்திய முருகன் வாகனத்தில். மறுபக்கம் சூரன், இளைஞர் தோள்களில். இருவரும் வீதி சுற்றி எதிரெதிரே வந்து பொருதுவர். முதலில் யானைமுகத் தாரகன். வேல் பட்டதும் அந்தத் தலை அகலும். அடுத்துச் சிங்கமுகன். கச்சியப்பர் ஆயிரம் தலைகளும் இரண்டாயிரம் கைகளும் கொடுத்துப் பாடிய சிங்கமுகனுக்குக் கோயிற் தச்சர் ஒரே ஒரு தலைதான் கொடுத்தார். அந்தக் குறைப்பிலே ஓர் அரங்க அறிவு இருக்கிறது. மாலை மங்கிய வெளிச்சத்தில், சனத் திரளுக்கு மேலாக, நூறு யார் தூரத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு இது சிங்கம் என்று ஒரே பார்வையிலே தெரிய வேண்டும். அதற்கு ஒரு தலையே நல்லது. பின்னர் சூரபன்மன் தன் சொந்த முகத்தோடு வருவான். இறுதியில் மாமரமாவான். மரம் பிளந்து சேவலும் மயிலுமாகும். உடல் ஒன்று, தலைகள் பல என்ற பாவைக்கலையின் சிக்கனம் இங்கே கதையோடு அப்படியே பொருந்திவிடுகிறது. சூரனே மாயத்தால் உருமாறுபவன் அல்லவா? பெட்டி சிறிது என்பதற்காகத் தலையை மாற்றிய கலைஞரின் தந்திரமும், அழியாதிருக்க உருவை மாற்றிய அசுரனின் தந்திரமும் ஒன்றாகிவிட்டன. உறுப்புக் கழலும் பாவைக்கு இதைவிடப் பொருத்தமான கதையை நான் அறியேன்.

தோளிலே சுமப்பவர்கள் ஓடும் ஓட்டத்தில்தான் சூரனின் செருக்கும் அச்சமும் தெரியும். அவர்கள் நின்றால் அவன் வெறும் மரம். புன்றாக்குக் கலைஞர்களைப்போல அவர்களும் மறைந்து நிற்பதில்லை. எல்லோரும் பார்க்க நின்றுகொண்டே ஆட்டுகிறார்கள். ஆனாலும் அந்நேரத்தில் ஒருவரும் அவர்களைப் பார்ப்பதில்லை.

இந்த ஓட்டத்தையும் இடிபாட்டையும் தாங்க வேண்டிய பாவையைச் செய்வது இலேசான காரியமன்று. நூற்பாவைக்கு மூட்டு நெகிழ்ந்திருக்க வேண்டும். சூரனுக்கோ ஓடும்போது தலை உறுதியாக நிற்கவும் வேண்டும், வேல் பட்ட கணத்தில் சிக்காமல் கழலவும் வேண்டும். தச்சர் நிலைக்கும் கதவுக்கும் பயன்படுத்தும் முளையும் துளையுமே பெரும்பாலும் இங்கும் பூட்டு. மாரிகாலம் தொடங்கும் ஐப்பசியிலே ஈரக்காற்றுப் பட்டு மரம் பருக்கும் என்பதையும் கணக்கிட்டுத்தான் முளையைச் சீவ வேண்டும். அரை நூல் பிசகினால் போர் நடுவிலே தலை சிக்கிக்கொள்ளும், கூட்டம் சிரித்துவிடும். தேரும் வாகனமும் செய்யும் ஆசாரிமார் இந்த அறிவை வைத்திருந்தார்கள். அவர்களுடைய வேலையைச் சிற்பம் என்று எழுதினோம், கைப்பணி என்று எழுதினோம். அரங்கக் கலையின் பங்காளிகளாக எழுதவில்லை. அண்ணாவிமாரின் பெயர்கள் கூத்து நூல்களில் உள்ளன. சூரனைச் செய்தவர்களின் பெயர்களைத் தேடுவதானால் கோயிற் கணக்குக் கொப்பிகளைத்தான் புரட்ட வேண்டும். அவற்றிலும் பல இன்று இல்லை. 1990இலும் 1995இலும் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டு ஓடியபோது மூலவரையே விட்டுப்போன கோயில்கள் உண்டு. வாகனசாலையை யார் நினைத்தார்கள்?

போருக்குப் பின் புதுக்கப்பட்ட கோயில்கள் பலவற்றுக்குப் புதிய வாகனங்களும் புதிய சூரன்களும் வந்துள்ளன. பளபளக்கும் வர்ணம், பெரிய மீசை, இன்னும் பெரிய விழிகள். நன்று. ஆயினும் வர்ணத்தின் அடியிலே கழுத்தைப் பார்க்க வேண்டும். பழைய சூரன் எஞ்சியுள்ள கோயில்களில் அவனது தலைகள் எத்தனை, எந்த மரம், பூட்டு எவ்வகை, கைகள் கழலுமா கழலாதா, செய்தவர் எந்த ஊர் என்று நமது நாடகத்துறை மாணவர்கள் இரண்டொரு ஐப்பசிகளைச் செலவிட்டுக் குறித்து வந்தால், ஈழத்துப் பாவைக்கூத்தைப் பற்றிய அந்த ஓரிரு வரி முடிவைத் திருத்தி எழுதும் காலம் வரும். ஏழாம் நாள் தெய்வயானை திருக்கல்யாணம். அன்று சூரனை ஒருவரும் தேடமாட்டார்கள். தலைகளெல்லாம் கழற்றப்பட்டு, உடல் தனியாக வாகனசாலையின் மூலையில் சார்த்தப்பட்டிருக்கும். அளவெடுக்கப் போகிறவர்களுக்கு அதுவே வசதியான நாள்.